தட்டைத்திரைப் பெட்டி இல்லம் சேர் படலம்: முத்தாபுதுப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

கடையில் வாங்கிய புது டி.வி.யை உடையாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பது பற்றி எழுதத் தமிழறிஞர் எவரும் முன்வரவில்லை. யாரும் எழுதவில்லை என்பதே ஒன்றை எழுதப் போதிய காரணம் என்பது நம் ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்ட மரபு. அம்மரபின் வழிநின்று இக்கட்டுரை அமைகிறது. கருதுகோள்: டி.வி. உடையும். எதிர்க்கருதுகோள்: உடையாது. இரண்டில் எது மெய்யானாலும் கட்டுரைக்குச் சேதமில்லை.

முதல் இயல்: ஆய்வுக் களம்

களத்தின் வரலாற்றுப் பின்னணி இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஆனால் அது இல்லாத ஆய்வேட்டைப் பைண்டிங் கடைக்காரர்கூடக் கையில் வாங்க மாட்டார் என்பதால் கூறப்படுகிறது. முத்தாபுதுப்பேட்டை ஆவடியை ஒட்டிய ஊர். விமானப்படை நிலையத்தால் அறியப்படுவது. ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோசலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. 2019-இல் ஆவடி மாநகராட்சியானது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் டி.வி.க்கும் உள்ள தொடர்பு தனியே விரித்து ஆராயத்தக்கது. அதாவது, தொடர்பு இல்லை.

தொடர்புள்ள செய்தி ஒன்றே ஒன்று. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்கிறார்கள். அறுபதுகளில் விஜயந்தா, பிறகு டி-72, அர்ஜுன், டி-90 பீஷ்மா. அர்ஜுனின் முதல் வகை ஏறத்தாழ 58 டன். அதை ரயில் வேகனில் ஏற்றி, இறுக்கிக் கட்டி, ராஜஸ்தான் பாலைவனம் வரை பத்திரமாக அனுப்பத் தெரிந்த ஊர் இது. அதே ஊரில், சுமார் எட்டுக் கிலோ எடையுள்ள 43 இன்ச் டி.வி. ஒன்று, சி.டி.எச். சாலைக் கடையிலிருந்து புறப்பட்டு முத்தாபுதுப்பேட்டை வந்து சேர்வதற்குள் மூலையில் கீறல் விடுகிறது. இந்த முரணே ஆய்வுச் சிக்கல் என்க.

இரண்டாம் இயல்: முன்னோர் நிலை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தைப் பெட்டிக் காலம் எனலாம். சென்னையிலேயே செய்த டயனோரா, சாலிடேர் முதலியன அக்காலத்து அரும்பொருள்கள். முன்னால் தடித்த கண்ணாடி, பின்னால் நீண்ட முதுகு. தூக்கினால் இடுப்புப் பிடிக்கும், ஆனால் டி.வி.க்கு ஒன்றும் ஆகாது. மனிதன் உடைந்தான், பெட்டி உடையவில்லை. பிற்காலத்தில் இது தலைகீழானது.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 14 இன்ச் பெட்டி. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் தலையிலும் தோளிலும் சைக்கிள் கேரியரிலுமாகத் தமிழ்நாட்டின் தெருக்களில் நடந்து வீடு போயின. இவ்வளவு பெரிய பெயர்ச்சியை நம் வரலாற்றுத் துறைகள் கண்டுகொள்ளவில்லை. ஏதோ ஒரு மண்டபத்துத் தூணில் யானை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதில் அவை இன்னும் முடிவுக்கு வராததால் நேரம் கிடைத்திருக்காது.

தட்டைத்திரை வந்ததும் பொருளின் இயல்பே மாறிவிட்டது. இன்றைய எல்.இ.டி. டி.வி.யின் பேனல் என்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே திரவப் படிகம். தாங்கிப் பிடிப்பவை விளிம்புகள் மட்டுமே. நிற்கவைத்தால் எடை முழுவதும் கீழ் விளிம்பில் இறங்கிவிடும். படுக்கவைத்தால் நடுப்பகுதிக்கு அடியில் தாங்கல் இல்லை. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பேனல் வளைந்து நிமிரும். அப்பளக் கட்டைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, நிற்கவைத்துக் கொண்டுவா. அவ்வளவுதான். நியாயப்படி ஆய்வு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வரியில் முடியும் உண்மையை வைத்துக்கொண்டு இதுவரை எவரும் இணைப் பேராசிரியர் ஆனதில்லை.

மூன்றாம் இயல்: உரை மரபும் பாட வேறுபாடும்

இப்பொருளில் மூன்று கட்சியினர் உளர். நிமிர்ந்தோர், வானோக்கியர், மண்ணோக்கியர். பெட்டியை நிற்கவைக்க வேண்டும் என்போர் முதல் கட்சியார். படுக்கவைக்கலாம், ஆனால் திரை வானத்தைப் பார்க்க வேண்டும் என்போர் இரண்டாமவர். திரை மண்ணைப் பார்க்க வேண்டும் என்போர் மூன்றாமவர். பின்னிரு கட்சியினரும் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதில் காட்டும் ஊக்கத்தில் பாதியைக் கயிறு கட்டுவதில் காட்டியிருந்தால் பல பேனல்கள் பிழைத்திருக்கும்.

வானோக்கியருக்கு மூல நூல் பெரியப்பா உரை. "கண்ணாடிமேல எதுவும் படக்கூடாது, அவ்ளோதான்" என்பது அவர் கொள்கை (பெரியப்பா உரை, திண்ணைப் பாடம்). இதே இடத்தில் டீக்கடைப் பாடம் "எதுவும் வைக்கக்கூடாது" என்று காணப்படுகிறது. பட்டால் என்ன, வைத்தால் என்ன என்று கேட்பவர் பாடபேதத்தின் அருமை அறியாதவர். இந்த ஒரு சொல்லை முன்வைத்து இருபது பக்கம் எழுதலாம், எழுதியுள்ளோம், பதிப்பாசிரியர் வெட்டிவிட்டார்.

மண்ணோக்கியர் கொள்வது சித்தப்பா மறுப்புரை. அது முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதி: "அண்ணனுக்கு ஒரு எழவும் தெரியாது. கவுத்துப் போடு, கீழ தெர்மாகோல் இருக்குல்ல" (சித்தப்பா மறுப்புரை, கல்யாண மண்டபப் பதிப்பு, இரண்டாம் பந்தி, பாயசத்துக்கு முன்). பாயசத்துக்குப் பின் அவர் கூறியதாக வழங்கும் பகுதி, குறிப்பாகச் சொத்துப் பிரிவினை பற்றிய நான்கு வாக்கியங்கள், நடையாலும் குரலின் உரப்பாலும் வேறுபடுவதால் இடைச்செருகல் என்று தள்ளப்படும். அற்றன்று, அதுவே மூல பாடம், டி.வி. பற்றியதுதான் இடைச்செருகல் என்பார் சித்தி (வாய்மொழி, சமையற்கட்டு; ஒலிப்பதிவில் மிக்ஸி ஓசை மிகுதி).

பெரியப்பாவும் சித்தப்பாவும் டி.வி.யை ஒருமுறையும் தூக்கியவரல்லர் என்பது நோக்கத்தக்கது. தூக்காதவர்தாம் உரை எழுதுவர். இது இத்துறைக்கு மட்டும் உரிய இலக்கணம் அன்று.

நான்காம் இயல்: பெட்டிமேல் எழுத்துகள்

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சில குறியீடுகள் காணப்படுகின்றன: மேல்நோக்கிய இரட்டை அம்பு, ஒரு கோப்பை, ஒரு குடை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள். ஐ.எஸ்.ஓ. 780 என்னும் பன்னாட்டுத் தரவரையறையில் இவற்றின் பொருள் அச்சிட்டே இருக்கிறது: இப்பக்கம் மேலே, உடையக்கூடியது, நனையவிடாதே, அளவுக்கு மேல் அடுக்காதே. பொருள் அச்சிலேயே கிடைப்பதால் அறிஞர்களுக்கு இவற்றில் நாட்டம் இல்லை. பொருள் தெரியாத பானைக் கீறல் ஒன்று அகப்பட்டால் அதற்கு ஆறு விளக்கமும் மூன்று கருத்தரங்கமும் ஒரு பகையும் உண்டாகும். ஆகவே நாமும் பொருள் தெரியாததுபோல வைத்துக்கொண்டு வாசிப்போம்.

கோப்பை நீண்ட காம்புடையது. எனவே மது அருந்துவதற்கானது. எனவே யவனத் தொடர்பு உறுதி. குடை வெண்கொற்றக்குடை. பெட்டிக்கு உரியவன் முடியுடை வேந்தன் என்பது இதனால் பெறப்படும். மாதத் தவணையில் வாங்கியிருந்தால் குறுநில மன்னன். அடுக்கிய பெட்டிகள் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுட்டும். அம்பு, அக்குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யாததால் படியேற வேண்டும் என்பதைச் சுட்டும்.

அம்பு பற்றியே பெரும் பூசல். களப்பணியில் பல பெட்டிகள் அம்பு தரையை நோக்கி நிற்கக் காணப்பட்டன. பெட்டி தலைகீழாக இருக்கிறது என்று எளியோர் முடிவுகட்டுவர். அற்றன்று, அம்பைத்தான் தலைகீழாக அச்சிட்டுவிட்டார்கள், பெட்டி சரியாகவே நிற்கிறது என்னும் கட்சியும் உண்டு. மூன்றாம் கட்சி, அம்பு புவியீர்ப்பின் திசையைக் காட்டுவது என்று கூறி, டி.வி. அத்திசையிலேயே விழுந்ததைச் சான்றாகத் தரும். சான்றின் வலிமையால் இக்கட்சியே இன்று செல்வாக்குடன் விளங்குகிறது.

ஐந்தாம் இயல்: திணை வகுப்பு

தமிழில் எதை ஆராய்ந்தாலும் ஐந்தாக வகுக்கலாம். மிஞ்சியதைக் கைக்கிளையிலும் பெருந்திணையிலும் தள்ளலாம். பிறமொழி ஆய்வாளருக்கு இந்த வசதி இல்லை.

பேருந்து: கண்டக்டர் ஏற்றமாட்டார்.

மின்சார ரயில்: மாலை ஆறு மணிக்கு ஆவடியில் இறங்கிப் பார்த்தவர் இதைப் பற்றிக் கேட்கமாட்டார்.

ஆட்டோ: 43 இன்ச் பெட்டி மல்லுக்கட்டி உள்ளே போகும். பிறகு ஆள் போக இடமிருக்காது. டி.வி.யை மட்டும் அனுப்பிவிட்டுப் பின்னால் ஓடுதல் இத்திணைக்குரிய ஒழுக்கம்.

கார்: கடையில் சொல்லும் இன்ச் திரையின் மூலைவிட்ட அளவு. 43 இன்ச் டி.வி.யின் அகலம் சுமார் 37.5 இன்ச், 55-க்கு சுமார் 48. பெட்டியும் தெர்மாகோலும் சேர்ந்தால் இன்னும் கூடும். பின்கதவை அளக்காமல் போனவர்கள் கடை வாசலிலேயே பெட்டியைப் பிரித்து டி.வி.யை வெறுமையாக ஏற்றுவர். உரியது நீங்கி உயிர் மட்டும் செல்வதால் இது பாலை.

கைக்கிளையாவது, 65 இன்ச்சின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு 32 இன்ச்சோடு திரும்புவது. பெருந்திணையாவது, 55 இன்ச்சை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஏற்றுவது.

இவ்விடத்தில் பொருளாதாரச் சூழலையும் சுட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி குறைந்தது, பெட்டி நீண்டது, மச்சானின் கை மட்டும் அதே நீளம். இது நம்மை எஞ்சிய ஐந்தாம் திணையான இருசக்கர வாகனத்துக்கும், ஆய்வின் நடுநாயகமான இயலுக்கும் இட்டுச் செல்கிறது.

ஆறாம் இயல்: மச்சானியல்

இருசக்கர வாகனத்தில் டி.வி. கொண்டுவருவதற்கு இன்றியமையாதவை மூன்று: வண்டி, டி.வி., மச்சான். இவற்றுள் மச்சான் மனைவியின் தம்பியாக இருத்தல் தலை. தங்கையின் கணவனாக இருத்தல் இடை. நண்பனை மச்சான் என்று அழைத்துக் கூட்டிப்போதல் கடை. மனைவியின் தம்பியே தலையாயவன் ஆனது எதனால்? டி.வி. உடைந்தால் பழி வீட்டுக்குள்ளேயே ஒரு வகையாகப் பங்கிடப்படும் என்பதால் (மேற்படி, பெரியப்பா உரை, ஆனால் இப்பகுதியில் பெரியம்மாவின் கைவண்ணம் தெரிகிறது, காண்க: தாம்பூலப் பைக்குள் கிடைத்த துண்டுச்சீட்டு, முன்பக்கம் மளிகைக் கணக்கு, பின்பக்கம் இக்கருத்து, மஞ்சள் கறையால் ஓரெழுத்து தெளிவில்லை).

அமைப்பு வருமாறு. ஓட்டுநர் முன்னே. நடுவில் டி.வி. குறுக்காக நிற்கும். பின்னே மச்சான், இரு கைகளையும் விரித்து, கன்னத்தை அட்டையில் பதித்து, காற்றைக் கிழித்து வரும் கோலத்தில். அவன் எதையும் பார்க்க முடியாது. ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் எதையும் பார்க்க முடியாது. இருவருக்கும் சேர்த்துப் பார்ப்பவர் எதிரே வரும் தண்ணி லாரி டிரைவர்.

பைக்கின் ஹேண்டில்பார் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம். 43 இன்ச் பெட்டி ஒரு மீட்டரைத் தாண்டும். சந்தில் நுழையும்போது ஓட்டுநர் ஹேண்டில்பாரை வைத்தே கணக்குப் போடுகிறார். இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேட்டின் தூண் எடுத்துக்கொள்கிறது.

இனி காற்று. இதுவரை உரைகாரர் எவரும் தொடாத பகுதி என்பதால் கணக்கோடு தருகிறோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பரப்புள்ள பெட்டியைக் குறுக்காகப் பிடித்தால் காற்று அதைச் சுமார் ஆறு கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னுக்குத் தள்ளும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்பங்காகும். அதாவது ஒன்றரைக் கிலோ. முன்னே உட்கார்ந்த ஓட்டுநரின் முதுகு கொஞ்சம் காற்றை வாங்கிக்கொள்வதால் அவர் பருமனாக இருத்தல் நன்று. ஆனால் பக்கத்தில் ஒரு பேருந்து வேகமாகக் கடந்து போகும்போது காற்று முதலில் ஒரு பக்கம் தள்ளி உடனே மறுபக்கம் இழுக்கும். அக்கணத்தில் மச்சானின் மனத்தில் தோன்றும் மெய்ப்பாடு எட்டில் எது? அச்சம் என்பர் பொதுவானோர். நகை என்பார் சாலையோரத்தில் நிற்பவர். இளிவரல் என்று கொண்டு, இந்த டி.வி. தன் வீட்டுக்கு வரப்போவதில்லை என்ற நினைவே அதற்கு நிலைக்களன் என விளக்கிய ஓர் உரையும் உண்டு (மச்சான் வாக்குமூலம், ஸ்பீட் பிரேக்கருக்கு முந்தைய வடிவம், பிந்தைய வடிவத்தில் சொற்கள் அச்சிடத் தக்கனவல்ல).

சட்ட நிலையையும் ஆராய வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, இருசக்கர வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்கிறது. டி.வி. ஒருவரா, ஒன்றா? அஃறிணை என்று தள்ளிவிட முடியாது. இரவு எட்டு மணிக்குமேல் வீட்டில் அதற்குக் கிடைக்கும் மரியாதை உயர்திணைக்குரிய பலருக்குக் கிடைப்பதில்லை. உயர்திணை என்று கொண்டால் மூன்று பேர் சவாரி, அபராதம் உண்டு. 129-ஆம் பிரிவு, 2019 திருத்தத்தின்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. புது டி.வி.க்கு வயது ஒரு நாள்கூட ஆகவில்லை, விலக்கு உண்டு. ஆனால் வீடு மாறும்போது பழைய டி.வி.யைக் கொண்டுபோவோர் பில்லில் தேதியைப் பார்த்துக்கொள்ளவும். நான்கு ஆண்டு கடந்திருந்தால் ஹெல்மெட் கட்டாயம். எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில் வானோக்கியரும் மண்ணோக்கியரும் மீண்டும் பிரிவர்.

ஏழாம் இயல்: கையெழுத்து

இந்த இயலில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. கம்பெனிகள் அதை வெளிச்சேதம் என்று எழுதி மூடிவிடும். புதுப் பேனல் போட ஆகும் செலவு பல வேளைகளில் டி.வி.யின் விலையை நெருங்கும். வாசலில் வந்து நிற்கும் டெலிவரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குப் பின் தெரியும் கீறல் உங்களுடையது. பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள், போட்டோ எடுங்கள், இன்ஸ்டலேஷன் ஆள் வந்து பிரித்து, ஸ்விட்ச் போட்டு, திரை முழுக்க வெளிச்சம் வந்தபின் பேசிக்கொள்ளலாம். கடைக்காரரே வண்டியில் அனுப்புகிறேன் என்றால் அனுப்பட்டும். வழியில் உடைந்தால் அவர் பாடு. அடகுக் கடையில் ஆறு முறை படித்துக் கையெழுத்திடுபவர்கள் இங்கே மட்டும் பேனாவைக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

அட்டைப்பெட்டி பரணுக்குப் போகும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய டி.வி.யின் பெட்டி, கிரைண்டர் பெட்டி, யாருடையதென்று தெரியாத ஃபேன் பெட்டி ஆகியவற்றோடு அது சேரும். தூக்கி எறியச் சொல்வோர் வீடு மாறியதில்லை.

எட்டாம் இயல்: களப்பணி

ஆய்வு நெறிப்படி, குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஓட்டுபவர் ஒருவரையும் சந்தித்தோம். கடை வாசலில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்தட்டில் கிடந்த ஜல்லித் துணுக்குகளைக் கையால் தள்ளிவிட்டு, மடித்த பழைய ஜமுக்காளத்தை விரித்தார். பெட்டியை நிற்கவைத்து, திரைப்பக்கம் கேபினைப் பார்க்கும்படி ஒட்டிச் சாத்தினார். அடியில் இருபக்கமும் கந்தல் துணியைத் திணித்து நகராமல் செய்தார். கயிற்றை நடுவில் போடவில்லை. இரு மூலைகளுக்கும் மேலாக எடுத்து, கயிறு அட்டையைக் கடிக்காமல் இருக்கக் கிழிந்த செருப்பின் துண்டை அடியில் வைத்து முடிச்சிட்டார். பிறகு உள்ளங்கையால் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

நாம் மூன்று கட்சிகளின் நிலைப்பாட்டையும் அவருக்கு விளக்கினோம். "சார், நிக்க வெச்சா ஒண்ணும் ஆவாது. படுக்க வெக்கணும்னா வேற வண்டி பாத்துக்கோங்க" என்றார்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டோம்.

"ஆதாரு வூட்ல கீது சார். லைசென்ஸ் வேணா காட்டவா?"

மேற்கோளோ அடிக்குறிப்போ அவரிடம் இல்லாமையால் அவருடைய முறை இந்த ஆய்வின் முடிவுகளில் சேர்க்கப்படவில்லை. டி.வி. ஓடுகிறது.